கவுண்ட்டரம்மாவின் வீட்டு விண்ணப்பம்

அழப்போகிறவர் யார் என்பது, அழுகிறவருக்கே தெரிவதற்கு முன்னால் கவுண்ட்டரம்மாவுக்குத் தெரிந்துவிடும். மேசை இழுப்பறையைத் திறந்து காலி ஸ்டேப்ளர் ஒன்றை எடுப்பார். கண்ணாடித் தடுப்பின் அடியிலிருக்கும் அரைவட்டத் திறப்பு வழியாக அதை வெளியே தள்ளுவார். பின்னாலேயே பின் டப்பாவும் போகும். "இந்தாங்க, இதுல பின் போட்டுக் குடுங்க. எனக்குக் கை வரமாட்டேங்குது." மகளுக்கு இடமில்லை என்று பதில் வந்த வேதனையில் உதடு துடிக்க நிற்கிற தகப்பன், ஏன் எதற்கு என்று கேட்காமல் ஸ்டேப்ளரைப் பிளந்து பின் வரிசையைப் பொருத்தத் தொடங்கிவிடுவார். வேலை முடிவதற்குள் மூச்சு ஒரு நிலைக்கு வந்திருக்கும். கவுண்ட்டரம்மாவின் கைக்கு எந்தக் குறையும் கிடையாது. இழுப்பறையில் காலி ஸ்டேப்ளர்கள் இன்னும் சில இருக்கின்றன. வேலை மெனக்கெட்டு அவற்றைக் காலி செய்து வைப்பவரும் அவரேதான்.

பிள்ளைகளுக்கு அவர் ஆபீஸ் ஆன்ட்டி. பெற்றவர்களுக்குக் கவுண்ட்டரம்மா. பள்ளி அலுவலகத்தில் வருகைப் பதிவு, சான்றிதழ் நகல், தொலைந்துபோன தண்ணீர் பாட்டில், காய்ச்சல் வந்த பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவது என்று வேலைக்குப் பஞ்சமில்லை. அது போதாதென்று, யாரும் சொல்லாமல் தானே இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை ஒன்றும் உண்டு. கடைசி வருஷப் பிள்ளைகளின் அப்பா அம்மாக்களுக்குப் பல்கலைக்கழக விண்ணப்பம் என்றால் என்ன என்று புரியவைப்பது. பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்ல ஓர் ஆசிரியர் இருக்கிறார். அவர் சொல்வது பிள்ளைகளுக்கு நன்றாகவே புரிகிறது. வீட்டுக்குப் போய் "உனக்குப் புரியாதும்மா" என்று சொல்கிற அளவுக்குப் புரிந்துவிடுகிறது. அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டுத்தான் பெற்றவர்கள் நேராகக் கவுண்ட்டருக்கு வருகிறார்கள், பெரும்பாலும் வேலையிடத்துச் சாப்பாட்டு நேரத்தில். அதனாலேயே கவுண்ட்டரம்மா தன் மதியச் சாப்பாட்டைப் பதினோரு மணிக்கே முடித்துவிடுவார்.

"நாங்க மருத்துவத்துக்குப் போடறோம்மா" என்று ஒரு தாய் ஆரம்பிப்பார்.

"யாரு, நீங்களா?"

"இல்லம்மா, பையன்."

"அப்போ பையன் போடறான்னு சொல்லுங்க. நாங்கன்னு சொன்னீங்கன்னா ஹாஸ்டல்ல ரெண்டு கட்டில் கேட்டு வாங்கணும்."

தாய் சிரித்துவிடுவார். சிரித்துக்கொண்டே அடுத்த வாக்கியத்திலும் "நாங்க" என்பார். கவுண்ட்டரம்மா தலைமேல் இருக்கும் கண்ணாடியைத் தேடுவது போலப் பாவனை செய்து பேச்சை மாற்றுவார். அவரிடம் கண்ணாடி இரண்டு உண்டு. ஒன்று தலைமேல், மற்றொன்று கழுத்துக் கயிற்றில். நிஜமாகப் படிக்க வேண்டி வரும்போது இரண்டில் எது எதற்கு என்பது அவருக்கே சந்தேகம். பிரின்ட்டரோடு வாய்ச்சண்டை போடுவார். "ஏண்டாப்பா, காலையிலதானே உனக்குத் தாள் வச்சேன்? எங்க கொண்டுபோய்ப் போட்டே?" அதுவும் ஏதோ முனகிக்கொண்டு ஒரு பக்கத்தைத் துப்பும்.

மாதத்தில் ஒருநாள் சாயங்காலம் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் பெற்றோருக்கு வகுப்பு நடக்கும். ஏன் ஆய்வுக்கூடம் என்றால், அங்கே முதுகு சாய்க்க வழியில்லாத ஸ்டூல்கள்தான் இருக்கின்றன. "சாய இடம் குடுத்தா பாதிப் பேர் தூங்கிடுவாங்க, பாதிப் பேர் ஊர்க்கதை பேசுவாங்க. நாள் முழுக்க உழைச்சுட்டு வர்றாங்க, பாவம், அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது." ஆளுக்கொரு தாள் கொடுப்பார். பதினேழு வயதில் நீங்கள் என்ன படிக்க ஆசைப்பட்டீர்கள், ஏன், எழுதுங்கள் என்பார். முதலில் ஒரே கேலியும் சிரிப்புமாக இருக்கும். சலவைக்கடை வைத்திருக்கும் ஓர் அம்மாள் "எனக்குப் பத்து மணி வரைக்கும் தூங்கணும்னு ஆசை. வேற ஒண்ணும் இல்ல" என்று எழுதி, அதை எல்லோருக்கும் படித்தும் காட்டினார். லிஃப்ட் பழுதுபார்க்கும் ஒருவரோ குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருந்தார். கவுண்ட்டரம்மா காத்திருந்து, சரியான நேரத்தில் சலவைக்கடை அம்மாளைக் கூப்பிட்டு, "நீங்க போய் அவரு எழுதறதை எட்டிப் பாத்துத் திருத்துங்க" என்றார். சலவைக்கடை அம்மாள் சும்மா இருப்பவரா? "இதை ஏன் சுத்தி வளைச்சு எழுதறீங்க? இப்படிப் போடுங்க" என்று பேனாவைப் பிடுங்கப் போனார். லிஃப்ட்காரர் தாளைக் கையால் மறைத்துக்கொண்டு, "என்னங்க இது, நான்தானே எழுதிக்கிட்டிருக்கேன்?" என்று சீறினார்.

கவுண்ட்டரம்மா இரண்டு கையையும் தட்டினார். "போதும். முதல் பாடம் முடிஞ்சுது."

இரண்டாவது பாடத்துக்கு ஆட்கள் வேண்டும். நாலு பெற்றோரை எழுப்பி வரிசையாக நிறுத்தி, நீங்கள் நாலு பேரும் நாலு பல்கலைக்கழகம் என்பார். ஐந்தாவதாக ஒருவர் பிள்ளை. "பிள்ளை நாலு பேர்கிட்டயும் கேக்குது. நாலு பேரும் ஒரே நேரத்துல பதில் சொல்ல மாட்டாங்க. ஒருத்தர் சீக்கிரம் சொல்லுவாரு, ஒருத்தர் இழுத்தடிப்பாரு. சீக்கிரம் சொன்னவரு, 'இந்த மார்க் வாங்கினா உனக்கு இடம் தர்றேன், ஏத்துக்கறியா'ன்னு கேப்பாரு. உடனே பதில் சொல்லணும்னு ஒண்ணும் அவசரமில்ல. எல்லாப் பதிலும் வர்ற வரைக்கும் காத்திருக்கலாம், அதுக்குக் கெடு இருக்கு. ஆனா ஒருத்தர்கிட்ட கம்ப்யூட்டர்ல 'ஏற்கிறேன்'னு அமுக்கியாச்சுன்னா?" இந்த இடத்தில் ஐந்தாமவர் ஒருவரின் கையைப் பிடிக்க வேண்டும். மீதி மூன்று பேரையும் கவுண்ட்டரம்மா கூடத்துக்கு வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிடுவார். "அவ்வளவுதான். இனிமே அவங்க உங்க பிள்ளைக்கு இல்ல. தெரியாம அமுக்கிட்டா ஒரு வாரத்துக்குள்ள, எல்லா விண்ணப்பமும் போய்ச் சேர்ற விண்ணப்ப மையத்துக்குப் போன் போட்டு மாத்தலாம். ஆனா பேச வேண்டியது பிள்ளை. நீங்க பேசினா அவங்களுக்குக் காதே கேக்காது." எந்தப் புத்தகத்தில் படித்தாலும் புரியாதது, சாத்திய அந்தக் கதவைப் பார்த்ததும் எல்லோருக்கும் புரிந்துவிடும்.

எல்லோருக்கும் என்றால், வந்தவர்கள் எல்லோருக்கும். வராத ஒருவர் உண்டு. கவுண்ட்டரம்மாவின் வீட்டுக்காரர்.

அவர் ரயில் நிலையத்துக்கு எதிரிலிருக்கும் தங்கும் விடுதியில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறார். சாதுவான மனிதர், சட்டைக்காலர் கலையாத மனிதர். அவருடைய வேலையின் மூச்சே உடனுக்குடன் பதில் சொல்வதுதான். அறை இருக்கிறதா என்று ஒருவர் கேட்டால் கேட்ட கையோடு பதில் போய்விட வேண்டும். "ஒரு மனுஷன் அங்க பதிலுக்குக் காத்துக்கிட்டிருக்கான்னு தெரிஞ்சா எனக்குச் சாப்பாடு எறங்காது" என்பார். வேலையில் பழகியது வீட்டுக்கும் வந்துவிட்டது. வங்கியிலிருந்து தானாக வரும் பிறந்தநாள் வாழ்த்துக்கும் "மிக்க நன்றி, வணக்கம்" என்று பதில் எழுதும் ஒரே ஆள் அவராகத்தான் இருக்க வேண்டும். நம்பர் தவறி வந்த கல்யாண அழைப்புக்கு, வர இயலாமைக்கு வருந்தி எழுதியவர். வகுப்புக்கு ஒருநாள் வாங்களேன் என்று கவுண்ட்டரம்மா கூப்பிட்டபோது, "வீட்டுலயே வாத்தியாரம்மா இருக்கறப்ப நான் எதுக்குப் போய் ஸ்டூல்ல உக்காரணும்?" என்று சிரித்தார். சாப்பாட்டு மேசையில் தான் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறார் என்று கவுண்ட்டரம்மா விட்டுவிட்டார். அவர் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. அவர் போட்ட "ம்" எல்லாம், விருந்தினர் ஊர்ப் பெருமை பேசும்போது போடுகிற "ம்".

ஊரார் பிள்ளைகளோடு இந்த வருஷம் அவர்களுடைய ஒரே பையனும் விண்ணப்பித்திருக்கிறான். வளர்த்தியானவன், வீட்டுக்குள் எங்கே நின்றாலும் ஏதாவது ஒன்றில் தலை இடிக்கும். என்னென்ன போட்டிருக்கிறான் என்பதை அவனாகவே ஒருநாள் சொன்னான். பக்கத்திலிருக்கும் பல்கலைக்கழகத்தில் இயற்பியல். இன்னும் இரண்டு இடம். கடைசியாக, ரயிலில் ஏறினால் ஒரு முழுப் பகல் போக வேண்டிய ஊரில் வானிலை அறிவியல். அதைச் சொல்லும்போது மட்டும் அவன் குரல் கொஞ்சம் வேகமெடுத்தது.

"மழை வருமா வராதான்னு பாக்க ஜன்னல் போதாதாடா?" என்று கவுண்ட்டரம்மா கேலி செய்தார். மூவரும் சிரித்தார்கள். பிறகு அவர் சமையலறைக்குப் போய், எடுக்க வந்தது என்ன என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார். அவன் போகக் கூடாது. அவ்வளவுதான் அவர் மனசில் இருந்தது. ஊரில் இருக்கிற பெற்றோரையெல்லாம் உட்காரவைத்து, பிள்ளை ஆசைக்குக் குறுக்கே நிற்காதீர்கள் என்று சொல்கிறவரால் அதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா? வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை.

முதலில் வந்தது பக்கத்துப் பல்கலைக்கழகத்தின் பதில்தான். இடம் தருகிறோம், ஏற்கிறாயா என்று கேட்டிருந்தார்கள். தூரத்து ஊரிலிருந்து இன்னும் ஒரு தகவலும் இல்லை. "எல்லாம் வரட்டும்மா, பாத்துக்கலாம்" என்றான் பையன். பரீட்சை தொடங்கியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைசியாக ஒருமுறை கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தான். "இனிமே பரீட்சை எல்லாம் முடியற வரைக்கும் இதைத் தொடமாட்டேன். பாத்துப் பாத்து மண்டை காயுது" என்று அறிவித்துவிட்டு, அதை மூடக்கூட மூடாமல் குளிக்கப் போனான்.

மறுநாள் காலை, பக்கத்துப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைப் பிரிவிலிருந்து அலுவலகத்துக்குப் போன் வந்தது. அங்கே இருக்கும் அம்மாளும் கவுண்ட்டரம்மாவும் வருஷக்கணக்காகப் போனில் பேசிப் பழகியவர்கள், நேரில் பார்த்தது கிடையாது.

"என்னம்மா, இனிப்பு எங்க?"

"எதுக்கு?"

"தெரியாத மாதிரி கேக்கறீங்களே! உங்க பையன் எங்ககிட்டயே வந்துட்டான். நேத்து ஏத்துக்கிட்டிருக்கான்."

கவுண்ட்டரம்மாவுக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. அம்மாவுக்காகத்தான் பிள்ளை அப்படிச் செய்திருக்கிறான், சொல்லாமலே அவள் மனசு அவனுக்குத் தெரிந்திருக்கிறது என்று நினைத்தபோது கண் நிறைந்துவிட்டது. முனைக்கடைக்கு ஆள் அனுப்பி கேக் வாங்கிவந்து அலுவலகம் முழுக்கக் கொடுத்தார். பிரின்ட்டர் விஷயமாகப் பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்த கணக்குப் பிரிவுக்காரருக்கும் ஒரு துண்டு போனது. நடுவில் ஒருமுறை, அப்படியென்றால் வானிலை என்ன ஆயிற்று என்று ஒரு கேள்வி எட்டிப் பார்க்கத்தான் செய்தது. வேறு யாராவது வந்து இப்படிச் சொல்லியிருந்தால், "பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றுதான் முதலில் கேட்டிருப்பார். அன்றைக்கு அதைக் கேட்க அவருக்கு மனசில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போகாமல் நேரே விடுதிக்குப் போனார். வாயெல்லாம் பல்லாக மேசையில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "விஷயம் தெரியுமா உங்களுக்கு? பையன் பக்கத்துலயே சேர்றானாம். ஏத்துக்கிட்டானாம்."

வீட்டுக்காரர் ஓர் அறைச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுத் திரும்பினார். "ஆமா. நான்தானே போட்டேன்."

"என்னத்தப் போட்டீங்க?"

"பதில்தான். அவன் திறந்து வச்சுட்டுக் குளிக்கப் போயிட்டான். என்னன்னு பாத்தா, 'உங்களுக்கு இடம் தருகிறோம், ஏற்கிறீர்களா'ன்னு கேட்டிருக்காங்க. கேட்டு மூணு வாரம் ஆகுது! எவ்வளவு பெரிய இடம், எவ்வளவு மரியாதையா எழுதியிருக்காங்க. பதில் சொல்லாம போட்டு வச்சிருந்தா நம்மளப் பத்தி என்ன நினைப்பாங்க? சரின்னு 'ஏற்கிறேன்' அமுக்கினேன். நடுவுல 'நிச்சயமா?'ன்னு வேற கேட்டாங்க. நிச்சயம்னேன். உடனே நன்றின்னு வந்துச்சு. நானும் நன்றின்னு எழுதலாம்னு தேடினேன், அதுக்குத்தான் இடம் விடல."

"ஐயோ!" என்றார் கவுண்ட்டரம்மா. மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்த விருந்தினர் ஒருவர் திடுக்கிட்டு நின்றுவிட்டார்.

வீட்டுக்காரரைப் பெட்டிகள் வைக்கும் அறைக்குள் இழுத்துப் போய், ஊருக்கெல்லாம் ஒரு மணி நேரம் சொல்கிற பாடத்தை ஒரே மூச்சில் சொன்னார். கேட்கக் கேட்க மனிதருக்கு முகம் வெளுத்துவிட்டது. யாரோ விட்டுப்போன பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அப்போ அந்தத் தூரத்து ஊரு?"

"போச்சு. ஒரு வாரத்துக்குள்ள அவனே பேசி மாத்தினாத்தான் உண்டு. சனி ஞாயிறு மையத்துல ஆள் கிடையாது. வெள்ளிக்கிழமையோட சரி."

"அவன் பரீட்சை முடிஞ்சுதானே திறப்பேன்னான்? அது அதுக்கடுத்த வாரம்ல?"

"ஆமா."

மேலே யாரோ அறைக்குள் நடப்பது கேட்டது. வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அங்கருந்து இன்னும் பதிலே வரலயே. வராமலே போனா என்ன பண்றது? இது கையில இருக்கு. இங்கயே இருப்பான். சாயங்காலம் வீட்டுக்கு வந்து நம்மளோட சாப்பிடுவான்." தந்திரமாகச் சொல்லவில்லை அவர். வெள்ளந்தியாகத்தான் சொன்னார். பிறகு இன்னும் மெதுவாக, "பரீட்சை நேரத்துல பையன் மனசைக் கலைக்கணுமா?" என்றார்.

கவுண்ட்டரம்மா வெடித்திருக்க வேண்டும். கவுண்ட்டரில் இதே வார்த்தையை எத்தனை பேர் சொல்லக் கேட்டிருக்கிறார்! கேட்டபோதெல்லாம் எவ்வளவு வெடுக்கென்று பதில் சொல்லியிருக்கிறார்! அன்றைக்கோ, "எந்திரிங்க, உங்க மேசையில யாரோ நிக்கறாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

பிறகு வந்த நாட்கள் நல்ல நாட்களாகவே இருக்கவில்லை. காதும் காதும் வைத்தாற்போல ஒரு காரியத்தை நடத்திப் பழக்கமில்லாதவருக்கு வீட்டில் பையன் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. அவன் தோசையைக் கேட்டால் தண்ணீரை நீட்டினார். பரீட்சை எப்படி எழுதினாய் என்று ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்டார். நாம் ஒன்றும் செய்யவில்லையே, நடந்தது தற்செயல்தானே, சும்மா இருந்தாலே போதுமே என்று தனக்குத்தானே பூசி மெழுகிக்கொண்டார். அலுவலகத்தில் ஒரு தகப்பன் வந்து, "நாங்க சட்டத்துக்குப் போடறோம்" என்றபோது, கட்டில் ஜோக்கைச் சொல்லாமல் "சரிங்க" என்றார். ஏற்கனவே இரண்டு பிள்ளைகளை அனுப்பிய தகப்பன் அவர், ஜோக்குக்காகச் சிரிக்கத் தயாராக வந்தவர். "உடம்பு சரியில்லையாம்மா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை சாயங்காலம் வகுப்பு. நாலு பேரை நிறுத்தினார். புதிதாக வந்த ஓர் இளம் தகப்பன் பிள்ளையானார். பதில் சொன்னவரின் கையைப் பிடிக்கச் சொன்னார், பிடித்தார். மீதி மூன்று பேரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். வழக்கமாக அடுத்த நிமிஷம் அவர்களைத் திரும்பக் கூப்பிட்டுவிடுவார். அன்றைக்குக் கூப்பிட மறந்துபோனார். ஏதேதோ விளக்கிக்கொண்டே இருந்தார். தெரியாமல் அமுக்கிவிட்டால் என்ன செய்வது என்ற இடம் வந்தபோது, அதை மட்டும் தாண்டி அடுத்ததுக்குப் போய்விட்டார். வகுப்பில் இருந்த யாருக்கும் அது தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது.

கதவை யாரோ தட்டினார்கள். கதவின் சின்னக் கண்ணாடிக்குப் பின்னால் மூன்று தலைகள் முட்டிக்கொண்டு நின்றன. சலவைக்கடை அம்மாள்தான் கதவைத் திறந்து பாதி உடம்பை உள்ளே நீட்டினார். அன்றைக்கு அவர்தான் தூரத்துப் பல்கலைக்கழகம்.

"ஏம்மா, எங்களை இப்படியே விட்டுட்டீங்களே! நான் இன்னும் அந்தப் பிள்ளைக்குப் பதிலே சொல்லல. நான் தர்றேனா இல்லையான்னுகூட அதுக்குத் தெரிய வேணாமா?"

கூடம் கொல்லென்று சிரித்தது. கவுண்ட்டரம்மாவும் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவரை யாரும் அந்தக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை. "வாங்க, உள்ள வாங்க. என் தப்புதான்" என்றார். பிறகு, விட்டுப்போன பகுதியை ஆதியோடந்தமாகச் சொன்னார். ஒரு வாரம், மையத்துக்குப் போன், பேச வேண்டியது பிள்ளை. அப்புறம் வழக்கத்தில் இல்லாத ஒன்றையும் சேர்த்துக்கொண்டார்: "நீங்க அமுக்கிட்டீங்கன்னா, அதைப் பிள்ளைகிட்ட அன்னைக்கே சொல்லிடுங்க. நாளாக ஆகச் சொல்லவே முடியாது."

வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. "நான் பண்ணது, நானே சொல்றேன்" என்றார். சாப்பாட்டு மேசையில் பையன் எதிரே போய் நின்றார். உட்காரவில்லை. கைகளை முன்னால் கட்டிக்கொண்டார். பதற்றத்தில் அவருக்கு வேறு பேச்சு வரவில்லை, இருபது வருஷமாக மேசையில் பேசிய பேச்சுதான் வந்தது. "தம்பி, உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு ரொம்ப வருந்தறோம்" என்று ஆரம்பித்தார்.

பையன் வாய்விட்டுச் சிரித்தான். அப்பா ஏதோ விளையாடுகிறார் என்று நினைத்துவிட்டான். அவர் முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு போய்விட்டது. கையில் பிட்டெடுத்த துண்டு வாய்க்குப் போகாமல் தட்டுக்கே திரும்பியது. அப்பாவை அவன் ஒன்றும் கேட்கவில்லை. அம்மா பக்கம் திரும்பினான்.

"உனக்கு எப்போ தெரியும்?"

"திங்கக்கிழமை."

"அப்பாவுக்குத் தெரியாது, சரி. உனக்குத் தெரியும்ல? ஊருக்கே சொல்லிக் குடுக்கறியே?"

"தெரியும்."

"அப்புறம் ஏம்மா?"

பரீட்சை என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கவுண்ட்டரம்மா அதை விழுங்கினார். "பரீட்சைன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அது பொய். நீ போயிடுவேன்னுதான்டா. நீ போறது எனக்குப் பிடிக்கல."

பையன் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்படி ஒரு பேச்சு அந்த வீட்டில் அதுவரை நடந்ததில்லை. தட்டை எடுத்துப் போய்க் கழுவிவைத்துவிட்டு, தன் அறைக்குள் போனான். கதவைப் படாரென்று சாத்தியிருந்தால்கூடக் கவுண்ட்டரம்மாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் சாத்தினான்.

வெள்ளிக்கிழமை பரீட்சை இல்லை. கவுண்ட்டரம்மா அலுவலகத்துக்கு அரைநாள் சொல்லிவிட்டார். வீட்டுக்காரர் விடிந்ததிலிருந்து மடித்த துணியையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தார். மையம் திறக்கும் நேரத்துக்குப் பையன் போனோடு வெளியே வந்தான். ராத்திரி அவன் தூங்கவில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கோபம் இன்னும் இருந்தது. அதோடு வேறு ஏதோவும் இருந்தது, அது இன்னதென்று பெற்றவளாலும் படிக்க முடியவில்லை.

"நம்பர் குடும்மா."

மனப்பாடமாகச் சொன்னார். அவன் அழுத்தினான்.

"என்னப்பா சொல்லப்போறே?" என்று வீட்டுக்காரர் தாங்கமுடியாமல் கேட்டுவிட்டார். "மாத்தச் சொல்லப்போறியா, இல்ல..."

"அப்பா. பேசி முடிக்கற வரைக்கும் யாரும் ஒண்ணும் கேக்காதீங்க."

அறைக்குள் போனான். அந்த வீட்டின் சுவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றால், ஒரு மூலையில் தும்மினால் மறு மூலையில் திடுக்கிட வேண்டியிருக்கும், அவ்வளவுதான் கனம். கதவு வேறு சரியாகப் பொருந்தாது. வீட்டுக்காரர் ஓசைப்படாமல் போய்க் கதவருகே காதைக் கொடுத்து நின்றார். இந்தப் பக்கம் வா என்று மனைவிக்கும் கை காட்டினார்.

கவுண்ட்டரம்மா போனார். கதவுக்கு அந்தப் பக்கம் பையன் தன் விண்ணப்ப எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தான். பிறந்த தேதியைச் சொன்னான். அவர் வீட்டுக்காரரின் முழங்கையைப் பிடித்தார். பிடித்துச் சமையலறைக்கு நடத்திக்கொண்டு போனார். வீட்டுக்காரர் வாயைத் திறந்தபோது, வேண்டாம் என்று தலையை அசைத்தார். அங்கேயும் குரல் வந்தது. "ஆமாங்க, நானேதான் பேசறேன்" என்றான் பையன். கொஞ்சம் நிறுத்தினான். "அதுல நான் என்ன முடிவு பண்ணியிருக்கேன்னா..."

தொட்டியில் கழுவ ஒரு தம்ளர்கூட இல்லை. கவுண்ட்டரம்மா குழாயை முழுசாகத் திறந்துவிட்டார்.